மனசு டாக்டருக்கு ஒரு வியாழக்கிழமை

சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவுவது என் வேலை. எங்கள் முதலாளி லீவு தர மாட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேட்கிற காரணம் அவருக்குப் பிடித்துவிட்டால் அள்ளிக் கொடுப்பார். காப்புக் கட்டினால் லீவு, தீ மிதித்தால் லீவு. ஒருத்திக்குக் களத்திலேயே சாமி வந்தபோது மிஷினை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழத்துக்கு அவரே ஆள் அனுப்பினார்.

அந்தத் தைரியத்தில்தான் நானும் போய்க் கேட்டேன்.

எனக்குத் தூக்கம் போய்ச் சில மாதம் ஆகியிருந்தது. கிழங்கு சீவும்போதே காரணமில்லாமல் அழுகை வரும். நெஞ்சு படபடக்கும், எழுந்து ஓடிவிடத் தோன்றும். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் மனசு டாக்டரம்மா பார்த்து மாத்திரை கொடுத்தார். மாதம் ஒரு வியாழக்கிழமை வர வேண்டும், நடுவில் விட்டால் பழையபடி ஆகிவிடும் என்றார். மாத்திரை தின்ற பிறகு விடியும்வரை தூங்கினேன். அந்தத் தூக்கத்தை விட எனக்கு மனமில்லை. வேலையை விட வழியில்லை.

"மாசத்துக்கு ஒரு வியாழக்கெழம லீவு வேணுங்க, மொதலாளி."

"இன்னா விசேஷம், ஆயா?"

"விசேஷம் ஒண்ணும் இல்லீங்க. மனசுக்கு வைத்தியம் பாத்துகினு இருக்கேன்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பார்வை என் கைக்கு வந்தது.

"அந்தக் கத்திய அப்பால வெச்சிட்டுப் பேசு ஆயா."

வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கத்தியால் கிழங்கைத் தவிர வேறு எதையும் நான் சீவியதில்லை.

கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. "இது காத்து கருப்பு. கல்வராயன் மலை மேல ஒரு பூசாரி இருக்காரு. நானே கார் அனுப்பறேன். மூணு நாள் தங்கி எறக்கிகினு வா."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் இல்ல, பேய்க்கு மூணு நாளுங்களா?"

"பேய் போயிடும் ஆயா. இது போவாது. வெளிய தெரிஞ்சா மில்லு பேரு கெட்டுடும்."

பாயசம் குடிக்கிறவர்கள், கிழங்கு சீவியவள் தூங்கினாளா என்று விசாரித்துத்தான் ஜவ்வரிசி வாங்குகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் இறங்கி வந்தார். போகலாம், ஆனால் கோயிலுக்குப் போவதாகத்தான் சொல்ல வேண்டுமாம். நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "ஆயாவுக்கு வேண்டுதல்" என்று சொல்லியும் விட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கற்பூரம் கொடுத்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து சீவுகிறவள் என் மடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். "பெரிம்மா, எம்புருஷன் குடிய நிறுத்தணும். சாமி கால்ல வெச்சிட்டு வா."

டாக்டரம்மா மேசையில் இதையெல்லாம் பரப்பினால் என்னை அங்கேயே படுக்க வைத்துவிடுவார்கள் என்று சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவளை ஏமாற்றிவிட்டு நான் எந்தச் சாமியிடம் போய் நிற்பது?

"கோயிலுக்குப் போவலடி. பெரிய ஆஸ்பத்திரிக்கு, மனசு டாக்டர்கிட்ட போறேன். அவங்கவங்க சாமான எடுத்துக்குங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். முதலாளி ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஆயா, நாம இன்னா பேசினோம்?"

"நீங்க பேசினீங்க, நான் கேட்டுகினு இருந்தேன். நாளைக்குப் போறேன், வெள்ளிக்கெழம வரேன். வேல இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க."

கற்பூரக்காரி தன் கற்பூரத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். எதிரே சீவுகிறவள் நகரவில்லை.

"அங்க குடிக்கும் வைத்தியம் பாப்பாங்களா, பெரிம்மா?"

"பாப்பாங்க."

அவள் முதலாளி பக்கம் திரும்பினாள். "எனக்கும் நாளைக்கு லீவு வேணுங்க. எம்புருஷன இட்டுகினு போவணும்."

"எல்லாரும் போயிட்டா கெழங்க யாரு சீவறது?" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். வேலை இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கு அது போதும்.

மறுநாள் பஸ்ஸில் அவள் புருஷனை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டோம். வழியெல்லாம், "பைத்தியத்துக்குப் பாக்கிற எடத்துல எனக்கு இன்னா வேல?" என்று சண்டை பிடித்துக்கொண்டே வந்தான்.

"எங்க மொதலாளிக்கும் இதே அறிவுதாம்பா" என்றேன். "நீயும் ஒரு மில்லு வெக்கலாம்."