ஓர் எழுத்து குறைந்த நல்லவர்

நெதர்லாந்தில் குரோனிங்கன் பக்கத்து எங்கள் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்துக்கு வுப்போ ஹாவிங்கா இருபத்தெட்டு வருஷமாகத் தலைவர். அதில் ஏரி உறைந்து சறுக்க முடிந்தது நான்கே குளிர்காலம். மற்ற வருஷங்களில் மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு கரையில் நின்று தண்ணீரை முறைப்பார். அந்த முறைப்பில் இரண்டு வாத்துகள் மட்டும் உறைந்துபோனதாகக் கேள்வி. உறைந்த வருஷங்களில் ஊருக்கே பட்டாணி சூப் ஊற்றிப் பேர் வாங்கியவரும் அவர்தான். காய்ச்சியது மனைவி ஃபென்னா.

அரசர் பிறந்தநாளையொட்டி மேயர் கையால் பதக்கம் வாங்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. சிக்கல் என்னவென்றால், அதற்கு வேறொருவர்தான் எழுதிப்போட வேண்டும். வாங்குகிறவர் காதில் விழவே கூடாது. எனவே வுப்போ தன்னைப் பற்றித் தானே எழுதி, படியெடுத்துக் கையெழுத்துப் போடு என்று ஃபென்னாவிடம் நீட்டினார். ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று உத்தரவு வேறு.

ஒன்பது வாக்கியம். ஒன்பதிலும் அவர் தன்னலமற்றவர். டச்சில் அது ‘பெலாங்கெலோஸ்’. நடுவில் ‘எ’ என்ற ஒரே எழுத்து விட்டுப்போய் ‘பெலாங்லோஸ்’ ஆனால், பொருட்படுத்தத் தேவையில்லாதது என்று அர்த்தம். வுப்போ ஒன்பது இடத்திலும் விட்டிருந்தார். ‘பொருட்படுத்தத் தேவையில்லாத இந்த மனிதர், தமது பொருட்படுத்தத் தேவையில்லாத உழைப்பால்’ என்று ஓடியது கடிதம். ஃபென்னா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு அப்படியே படியெடுத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவள்.

மூன்று வாரம் கழித்து நகரசபையிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். வுப்போ எதிரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஃபென்னா ஸ்பீக்கரைப் போட்டாள். அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டிலேயே இல்லை என்றாள் ஃபென்னா, அவரைப் பார்த்தபடியே.

“அம்மா, ஒன்பது இடத்துலயும் ‘எ’ விட்டுப்போயிருக்கு. கைதவறிடுச்சா? ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே சேர்த்துடறேன். இல்லேன்னா இப்படியே மேல போயிடும்.”

வாயைத் திறந்தால் பதக்கம் போச்சு. வுப்போ காற்றில் விரலால் பெரிய ‘எ’ ஒன்று போட்டார். அது போதாதென்று கரண்டியாலும் போட்டார்.

ஃபென்னா நிதானமாகச் சொன்னாள்: “கைதவறலம்மா. நாப்பது வருஷமா அவரை எனக்குத் தெரியும். அவரே எழுதினாக்கூட இவ்வளவு சரியா எழுத முடியாது.”

ஏப்ரலில் பதக்கம் நூலகத்துக்காரர் ஒருவருக்குப் போயிற்று. வுப்போவால் மேயரிடம் போய்ச் சண்டை போடவும் வழியில்லை. அப்படியொரு கடிதம் போனதே அவருக்குத் தெரியாதல்லவா!