கழுவாமல் கொண்டு வாங்க

டாக்டரைப் பார்க்கப் போகும்போது தலைவாரி, பவுடர் பூசி, ஜம்மென்று போகிற ஆட்கள் உண்டு. எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. அதே ஆட்கள்தான் வண்டியையும் ஷாம்பு போட்டுக் கழுவி, டயருக்குக் கருப்பு மெழுகு தடவி, என் ஷெட்டுக்குக் கொண்டு வருவார்கள். எங்கே எண்ணெய் கசிந்தது, எங்கே காற்று ஊதித் தூசி ஒட்டாமல் போனது என்று வண்டி சொல்ல வந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, "இன்னான்னு பாருக்கா" என்பார்கள். நான் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு முறைப்பேன்.

என் ஷெட் பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் இருக்கிறது. ஒரகடத்தில் ஒரு லாரிக் கம்பெனியில், காற்றுக்குழாய் பொருத்துகிற லைனில் நின்று தொழில் பழகியவள் நான். அங்கிருந்து வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கியபோது கம்பெனி பஸ்கள்தான் கைகொடுத்தன. இந்தப் பக்கம் ஓடுகிற நல்ல பஸ்களுக்கு அடியில் குலுக்கல் தாங்கும் இரும்புக் கமான் பட்டை கிடையாது. ரப்பர் பைகளில் காற்றை அடைத்து, அதன்மேல்தான் பஸ்ஸை உட்கார வைத்திருப்பார்கள். பெல்லோ என்று பெயர். அதைப் பார்க்க இங்கே ஆள் குறைவு, பார்க்கிற பெண் நான் ஒருத்திதான். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் பலூன் அக்கா. முதலில் கோபம் வந்தது. இப்போது போர்டிலேயே எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒருநாள், வீடாக மாற்றிய ஒரு பஸ்ஸும் அப்படித்தான் பளபளவென்று வந்து நின்றது. கொண்டு வந்தவர் ஒரு கார் தொழிற்சாலையில் பெயிண்ட் ஷாப் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், திருநெல்வேலிக்காரர். கதவில் கடுகளவு புள்ளி இருந்தாலும் பிடித்துவிடுகிற கண். வருஷக்கணக்காகத் தன்னை வேலைக்கு ஏற்றிப்போன ஸ்டாஃப் பஸ்ஸைக் கம்பெனி கழித்துக்கட்டியபோது, அதையே வாங்கிவிட்டார். சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்தார். முன்வாசலை அடைத்தார். இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டுதான் வீட்டு வாசல்.

"ஊர் சுத்தவா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன சுத்தல் வேண்டிக் கெடக்கு. எல்லாம் அவளுக்காகத்தான்" என்றார்.

அவள் என்றால் அவர் மனைவி. இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போகும்போது பள்ளத்தில் விழுந்து அந்த அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, நீட்டிப் படுத்துத்தான் போக வேண்டும், குலுங்கவே கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் ரயில் ஏது? செங்கல்பட்டு வரை காரில் உட்கார்ந்து போய், கூட்டத்தில் ஏறி இறங்க ஒருமுறை முயன்று, பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். ஒரே மகளைத் திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்திருந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. பெற்றவள் போய் மகள் கையில் வளையல் போட வேண்டும், அதற்குத்தான் இந்தக் காற்றுப்பை வண்டி. அந்த வண்டியோ இடது பக்கம் சாய்கிறது என்றார்.

"நான் பாத்துக்கறேன் சார். நேரா நிக்க வெச்சித் தரேன், நிம்மதியா போய்ட்டு வாங்க" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எனக்குக் கை நடுங்கியதே இல்லை.

பழைய வண்டி ஒரே ஒரு வியாதியோடு வராது. காற்றுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் காற்றுக்கு முன்னால் துருத்தண்ணீர் கொட்டியது. கம்பெனி பஸ் டிரைவர்கள் காலையில் முதல் வேலையாக இந்தத் தண்ணீரை இறக்கிவிடுவார்கள். வீடாக மாறிய பஸ்ஸுக்கு யார் அதைச் செய்வது? சுத்தம் செய்து கொடுத்தேன். போன வேகத்தில் போன் வந்தது, மறுபடி சாய்கிறது என்று. மறுபடி வந்தது, மறுபடி பளபளப்பு. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஒரு இணைப்பில் மெல்ல நுரை கிளம்பியது. மாற்றினேன். பகல் முழுக்க என் ஷெட்டில் தூண் மாதிரி நேராக நின்றது.

பக்கத்து டீக்கடையில் பஸ் டிரைவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "இன்னாக்கா, வூடு இன்னும் நிமிரலியா?" என்று கேட்டார்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வளைகாப்பு வாரம் வந்தது. மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்து, சுங்குவார்சத்திரம் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். வண்டி இடது பக்கம் அமுங்கிப்போய், அந்த அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டில் விளிம்புக்குச் சரிந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். போனில் இன்ஸ்பெக்டரின் குரலே மாறியிருந்தது.

"ஏம்மா, ஒங்கிட்ட வந்தா மட்டும் நேரா நிக்கு. வீட்டுக்கு வந்தா சாயுது. நான் என்ன பொய்யா சொல்லுதேன்? நீங்க மட்டும் போயிட்டு வாங்க, நான் வரலன்னு சொல்லிட்டா அவ. அழக்கூட இல்ல. நாளைக்குக் கழுவிக் கொண்டாரேன், கடைசியா ஒருவாட்டி பாத்திரு."

'கழுவி' என்ற சொல் சுருக்கென்று தைத்தது. ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் நேராக நிற்கிறது. வருவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கழுவப்படுகிறது.

"சார், கழுவாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. எதையும் தொடாதீங்க, நான் வர்றேன்."

மறுநாள் காலை போய்ச் சேர்ந்தபோது, அவர் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் பஸ் இடது பின்பக்கம் நன்றாகவே அமுங்கி நின்றது. மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு பக்கத்தில் நின்றார். ஊற்றவில்லை, ஆனால் கை பரபரத்துக்கொண்டிருந்தது.

"குழாயக் கீழ போடுங்க சார்!" என்று கேட்டிலிருந்தே கத்தினேன்.

காற்று வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நுழைக்கிறவள் இல்லை நான். ஜாக்கி வைத்துத் தூக்கி, சேஸிஸுக்கு இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்திவிட்டுப் பலகையில் படுத்து நகர்ந்தேன். வாசல் படிக்கட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி இருக்கும். பஸ்ஸின் உடம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று காற்று வால்வுக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். தாழ்ந்தால் வால்வு காற்றை உள்ளே விடும், உயர்ந்தால் வெளியே விடும். அந்தக் கம்பியின் நடுவில் கருப்புக் கயிறு ஒன்று நாலு சுற்றுச் சுற்றி, படிக்கட்டுச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், படிகாரம், ஒரு சின்னச் சங்கு.

கம்பி பக்கவாட்டில் இழுபட்டு, வால்வின் கையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பஸ் ரொம்ப உயர்ந்துவிட்டது என்று நினைத்து, வால்வு அந்தப் பக்கத்துக் காற்றையெல்லாம் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"சார், இது இன்னாது?"

"திருஷ்டிக் கயிறு. அமாவாசைக்கு அமாவாசை புதுசு கட்டுவேன். வண்டின்னா முன்னால கட்டலாம், இது வீடுல்லா? வாசப்படிலதான கட்டணும்."

"நான் ஒரு தடவகூட பாக்கலியே!"

"அழுக்குக் கயிறோட எப்படிம்மா வண்டிய மெக்கானிக்குட்ட கொண்டு வர? கழட்டிட்டு, கழுவிட்டுல்லா வருவேன். திரும்பிப் போனதும் கட்டிருவேன்."

கண்ணுக்குக் கடுகும் தப்பாத இன்ஸ்பெக்டர்! பலகையில் படுத்தபடியே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கயிற்றை அவிழ்த்து, ஸ்டாண்டுகளை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டேன். இடது பக்கம் மெல்ல எழும்பி, வலது பக்கத்தோடு சரியாக வந்து நின்றது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பஸ்ஸின் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அந்த அம்மா, "கயிறு இல்லாம நான் இதுல ஏற மாட்டேன்" என்றார்.

"ஏட்டி, இதனாலதான சாஞ்சிச்சு!" என்று கணவர் குரல் உயர்ந்தது.

"அன்னைக்கு ஸ்கூட்டரக் கழுவுதேன்னு கயித்த அறுத்துப் போட்டீங்க. புதுசு கட்டாமக் கெளம்புனோம். படுக்கையில கெடந்தது யாரு, நீங்களா?"

கணவர் தண்ணீர்க் குழாயைச் சுருட்டத் தொடங்கினார். எனக்குக் கயிற்றில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பயத்தை என் ஸ்பேனரால் கழற்ற முடியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. பள்ளத்தில் விழுந்து எழுந்தவர் அந்த அம்மா, நான் இல்லை.

"அக்கா, கயிறு இருக்கட்டும். எங்க கட்டணும்னு மட்டும் நான் சொல்றேன், சரியா?"

வாசலுக்குப் பக்கத்தில், தகடு கெட்டியாக இருக்கிற இடத்தில், அந்த அம்மாவின் நெஞ்சு உயரத்துக்குத் துளை போட்டு ஒரு கொக்கி முடுக்கினேன். இத்தனை நாள் படிக்குக் கீழே என்பதால் அவரால் குனிய முடியாமல், கணவரை அனுப்பித்தான் கட்டியிருந்தார். இப்போது நின்றபடி அவரே கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், நான் நட்டு முடுக்கிவிட்டு இழுத்துப் பார்ப்பது போலவே. பிறகு உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு டம்ளர் காபியை விளிம்பு வரை ஊற்றி வைத்து, ஒரகடம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினோம். காபி கொஞ்சம் தளும்பியது, ஆனால் வண்டி சாயவில்லை.

புறப்பட்ட அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க என்னையே கூப்பிட்டார்கள். வைத்தேன். வண்டி நேராகப் போய் ரோட்டில் திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் ஷெட்டைத் திறந்தேன். வளைகாப்பு நாள் முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மறுபடி சாய்கிறது என்று அழைப்பு வரும் என்று அல்ல, என் வேலை எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் முதுகுக்குத்தான் பயந்தேன்.

போன் வரவில்லை. அடுத்த வாரம் பஸ்ஸே வந்தது. வண்டி முழுக்கத் திருநெல்வேலிவரை போய்வந்த புழுதி, கண்ணாடியில் பூச்சிகள். கழுவவே இல்லை. படிக்கட்டில் நின்று அந்த அம்மா என் வலது கையைப் பிடித்து இழுத்தார். கம்பெனி லைனில் சேர்ந்த நாளிலிருந்து நான் வளையல் போட்டதில்லை, அங்கே அனுமதி கிடையாது, அப்படியே பழகிவிட்டது. கிரீஸ் என்று சொல்லிக் கையை உருவப் பார்த்தேன். விடவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்.

"எம்புள்ளைக்குப் போட்டது போக ஒனக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். "போறப்ப படுத்துட்டுத்தான் போனேன் தாயி. வளையல நின்னுகிட்டுல்லா போட்டேன்."

அன்று முழுக்க நான் எந்த வண்டிக்கு அடியிலும் போகவில்லை.