கழுத்து மொட்டைச் சேவலும் கலைமணியின் விராலும்

கலைமணி மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் பிடிக்கப் போகிறார். இதுவரை ஒரு மீனும் பிடித்ததில்லை. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "தொட்டுச்சுல்ல? தொட்டதெல்லாம் கணக்குல வராதா?" என்பார். வராது. அரியலூர் பெரம்பலூர் பொய்ப்பூச்சித் தூண்டில் சங்கத்தில் தொட்டுவிட்டுப் போன மீனுக்கெல்லாம் மரியாதை கிடையாது.

சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு பேர், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு விசில், அவ்வளவுதான். விசில் தலைவர் ஞானப்பிரகாசம் சாருடையது. ஏலாக்குறிச்சிக்காரர். பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவைச் சும்மா விட்டால் அம்மாவைக் காலையில் எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிடுவார் என்று பயந்து, நியூசிலாந்தில் இருக்கும் மகள் ஆனி ரோஸ் ஒரு தூண்டில் கம்பு வாங்கி அனுப்பினாள். நம்மூரில் புழுவோ மாவோ கோர்த்துப் போடுகிற தூண்டில் அல்ல இது. முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி, ஈ மாதிரியோ தும்பி மாதிரியோ ஒரு பொய்ப்பூச்சி கட்டி, அதைத் தண்ணீர்மேல் வீசி மீனை ஏமாற்ற வேண்டும். ஏமாந்து மாட்டிய மீனைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இது சங்கத்தின் முதல் விதி. இதுவரை மீனே பிடிக்காத உறுப்பினர்தான் எல்லாருக்கும் சோறு ஆக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது இரண்டாவது விதி.

மூன்று வருடமாகச் சோறு கலைமணியுடையது. அவர் ஆக்குகிற குஸ்கா அப்படி மணக்கும். அதனால் மற்ற ஐந்து பேரும் அவருக்கு மீன் மாட்டிவிடக் கூடாதே என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தார்கள். இதில் ஞானப்பிரகாசம் சாரின் ஜெபமும் அடக்கம்.

கலைமணி பூலாம்பாடியில் பிறந்தவர். அப்பா அங்கமுத்து கடைசிவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். மகன் மட்டும், "சேத்துல கால வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, பெரம்பலூரில் ஒரு தையல்கடையில் கொக்கி கட்ட உட்கார்ந்தார். இப்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்தக் கடை. ஜாக்கெட் மட்டும்தான். தையல் சுத்தம், பேச்சுதான் சுத்தமில்லை. வெட்டாத துணியைக் காலடியில் வைத்துக்கொண்டே, "நாளைக்குக் காலைல வாங்கம்மா, கொக்கி கட்டுறதுதான் பாக்கி" என்று கூசாமல் சொல்வார். ஒருநாள் ஞானப்பிரகாசம் சார் வந்து ஒன்பது பை வைத்த ஒரு மேல்சட்டை தைக்கச் சொன்னார்.

"இத்தனை பைல வைக்க அப்படி என்ன சார் வச்சிருக்கீங்க?"

"வா, வந்து பாரு."

போனார். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. கை இறுக்குது, கழுத்து இறங்கிப்போச்சு என்று குறை சொல்ல ஒருவரும் இல்லை. அந்த நிம்மதியிலேயே விழுந்துவிட்டார். நூல் பிடித்த கை என்பதால் சங்கத்துக்குப் பொய்ப்பூச்சி கட்டுகிற வேலையும் அவருடையதானது. அவர் கட்டிய பூச்சியில் மற்றவர்களுக்கெல்லாம் மீன் மாட்டியது. அவருக்கு மாட்டாததற்குக் காரணம் அவர் கைதான். முடிச்சுப் போட்டதும் நூலை வெடுக்கென்று சுண்டி அறுத்துப் பழகிய கை. மீன் வந்து வாயை வைக்கும், இவர் வெடுக்கென்று சுண்டுவார், முள் பறந்துபோய்ப் பின்னால் நிற்கிற மருந்துக்கடை அறிவழகன் சட்டையில் மாட்டும். அறிவழகனின் சட்டைகளை மட்டும் கலைமணி காசில்லாமல் தைத்துக் கொடுக்கிறார்.

ஆனால் அவர் தன் கையைக் குறை சொல்லவில்லை. இறகைக் குறை சொன்னார். கோழிக்கடை இறகு செத்த இறகு, தண்ணீரில் படுத்துவிடுகிறது, உயிரோடு இருக்கிற சேவலின் கழுத்து இறகு என்றால் நின்று துடிக்கும் என்று செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். வீட்டு வாசலிலேயே அப்படி ஒரு சேவல் திரிந்துகொண்டிருந்தது. செவலைச் சேவல். வெயிலில் கழுத்தைத் திருப்பினால் தங்கமாக மின்னும்.

அது சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். நேர்ந்தது கலியம்மாள், கலைமணியின் மாமியார். கலைமணியின் மனைவியான மகள் புவனேஸ்வரியின் வீட்டோடு இருக்கிறார். தன் பேத்தியும் கலைமணியின் மகளுமான வெற்றிச்செல்விக்குத் தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்தால் சேவல் அறுக்கிறேன் என்று குலதெய்வம் கருப்பிடம் வேண்டிக்கொண்டார். பிரசவம் சுகமாக முடிந்தது. பெண் குழந்தை. வருகிற வெள்ளிக்கிழமை கடனைத் தீர்க்க வேண்டும். நேர்ந்துவிட்ட உயிருக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது. காது கிழிந்த ஆட்டையோ கால் நொண்டும் கோழியையோ கருப்பு ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். இதெல்லாம் கலைமணிக்குத் தெரியாததல்ல. ஒன்றிரண்டு இறகில் என்ன குறை வந்துவிடப் போகிறது என்று நினைத்தார். ஜாக்கெட்டில் தையல் பிசகினால் அக்குள் பக்கமாகத் தள்ளி மறைப்பார். அதே மாதிரி சேவலிடமும் அடிக்கழுத்தாகப் பார்த்துப் பிடுங்கினார். ஒன்றிரண்டு என்று தொடங்கியது வாராவாரம் தொடர்ந்தது.

சங்கத்தின் வருடாந்தரப் பயணம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலையில் பக்கத்து வீட்டுச் சேவல் வேலியைத் தாண்டி வந்தது. செவலை சண்டைக்குச் சிலிர்த்துக் கழுத்தை உப்பியது. அடிக்கழுத்து முழுக்க மொட்டை. கோழிக்கடையில் தொங்குகிற கழுத்து தோற்றுப்போகும். கையில் நொய்யரிசியோடு கலியம்மாள் அப்படியே நின்றுவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து கலைமணி வெளியே வந்தார். தலையில் தொப்பி. தொப்பியில் புதிதாகக் கட்டிய மூன்று செவலைப் பூச்சிகள்.

கலியம்மாள் சேவலைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். மறுபடியும் சேவலைப் பார்த்தார்.

"மாப்ள, தலையில என்னங்க அது?"

"பூச்சி, அத்த."

"பூச்சிக்கு எஞ் சேவலு எறகு எப்படிங்க மொளைச்சுது?"

மருமகனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையில் இம்மியும் குறைக்காமல் அவர் திட்டிய திட்டு தெருக்கோடிவரை கேட்டது. "சாமி கழுத்துலயே கத்திரி வச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?" புவனேஸ்வரி பூசாரி வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைக் கேட்ட பூசாரி தொண்டையைச் செருமினார்.

"கொறை பட்டது ஆகாதும்மா. வேற வாங்கி வுட்டாலும் ஆகாது. கொறை பண்ணுனவரே அவரு கையால ஒரு உசுரப் புடிச்சாந்து படைக்கணும். மீனு கூட போதும். விராலா இருந்தா விசேஷம். இல்லேன்னா குத்தம் புள்ளை மேல நிக்கும், பாத்துக்குங்க."

வைரக்கண்ணுவுக்கு விரால் குழம்பு என்றால் உயிர் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் புள்ளை மேல் என்ற சொல்லைக் கேட்டதும் கலைமணிக்குத் தொட்டிலில் கையை மூடிக்கொண்டு தூங்குகிற பேத்தியின் முகம் கண்ணுக்குள் வந்தது. புவனேஸ்வரி போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு வருசமா ஒரு தவளையக் கூடப் புடிக்காத மனுசன்கிட்ட போயி சாமி மீனு கேக்குதே!"

"நானும் வரேன்," என்றார் கலியம்மாள். "இல்லாட்டி கடைல வாங்கியாந்து காட்டிப்புடுவீங்க."

அப்படித்தான் டிவிஎஸ் வண்டியில் கலைமணி, பின்னால் மடியில் குஸ்கா குண்டானோடு மாமியார், இருவரும் ரெட்டிபாளையம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய பள்ளம் அது. மழைத் தண்ணீர் தேங்கித் தேங்கி ஏரி மாதிரி ஆகிவிட்டது. ஓரமெல்லாம் கோரை. ஞானப்பிரகாசம் சார் ஒன்பது பை மேல்சட்டையோடு, சிப்பி அச்சு விழுந்த ஒரு கல்மேல் நின்று விசில் ஊதினார்.

"யாரு கலைமணி, இவங்க? பார்வையாளரா?"

"சாமி அனுப்புன ஆளு சார்," என்று கலைமணி முழுக்கதையையும் சொன்னார். இன்று மீன் மாட்டினால் தான் விடப்போவதில்லை என்றும் சொன்னார்.

சாரின் முகம் இறுகியது. "விட்டாத்தான் சங்கம். வீட்டுக்குக் கொண்டு போனா நீ உறுப்பினர் இல்ல. எனக்கு ஆள் பாத்து விதி மாத்தத் தெரியாது."

"முதல்ல மாட்டட்டும் சார்," என்றார் அறிவழகன், சட்டையைப் பத்திரமாக இழுத்துவிட்டுக்கொண்டு.

கலைமணி வீசினார். செவலைப் பூச்சி தண்ணீர்மேல் நிஜமாகவே நின்று துடித்தது. வெள்ளைக்காரர் சொன்னது பொய்யில்லை. இரண்டு தடவை ஏதோ வந்து தொட்டது. இரண்டு தடவையும் வெடுக்கென்று சுண்டினார். அறிவழகன் எட்டிப் போய் உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏற ஏறக் கலைமணி, சங்கத்திலிருந்து தூக்கினாலும் பரவாயில்லை, ஒரே ஒரு மீன், என்று கருப்பிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் அறிவழகனுக்கு ஒரு கெண்டை மாட்டியது. படம் எடுத்தார், விட்டார், எல்லாரும் கை தட்டினார்கள். அதைப் பார்த்த கலியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க மாப்ள, கிறுக்காங்க புடிச்சிருக்கு இவுங்களுக்கு? நாங்க ஏரி வத்துனா இடுப்பளவு சேத்துல எறங்கித் தடவித் தடவிப் புடிப்போம். குத்தகைக்காரன் கூடையோட புடுங்கிக்குவான். ஒரு கொரவை மீனு, வெரலு நீளம், மடியில சொருகிட்டேன்னு அத்தனை ஆம்பளை முன்னாடி என் மடிய அவுத்துப் பாத்தானுங்க. நீங்க என்னடான்னா புடிச்சத நீங்களே வுடுறீங்க. வயிறு நெறைஞ்ச திமிரு!"

கலைமணி அவர் பக்கம் திரும்பினார். தூண்டில் கையில் இருப்பதே மறந்துபோனது.

"ஆமா அத்த, திமிருதான். எங்கப்பன் கெண்டைக் குஞ்சு கெடைச்சாக் கூட வூட்டுக்குக் கொண்டாந்துருவாரு. வுட முடியாது, நாங்க அஞ்சு பேரு பசியில கெடப்போம். புடிச்ச மீன வேணாம்னு வுடுற ஒசரத்துக்கு எங்க வம்சத்துல எவனும் வந்ததில்ல. நான் ஒருத்தனாவது வரணும்னுதான் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து நிக்கிறேன். போதுமா?"

கலியம்மாளின் பார்வை மருமகனைத் தாண்டித் தண்ணீருக்குப் போனது. "மாப்ள, குச்சி வளையுதுங்க!"

பேச்சு மும்முரத்தில் சுண்ட மறந்திருந்தார். அதனால்தான் முள் வாயிலேயே நின்றுவிட்டது. ஐந்து பேரும் ஓடிவந்தார்கள். "சுண்டாத! சுண்டாத!" என்று விசிலோடு சேர்த்துக் கத்தினார் சார். கோரைக்குள் ஒருமுறை, கல்லுக்கடியில் ஒருமுறை என்று இழுத்து அலைக்கழித்துவிட்டுக் கடைசியில் கரைக்கு வந்தது. விரால். முழங்கை நீளம். கலைமணி முட்டியளவு சேற்றில் மண்டியிட்டு அதை இரண்டு கையாலும் பிடித்தார். அழுதுவிட்டார். கேட்டால் வியர்வை என்பார்.

"படம் எடுத்தாச்சு. விடு," என்றார் சார்.

"மன்னிச்சுருங்க சார். எனக்குப் பேத்திதான் பெருசு." குண்டானை மூடியிருந்த துணியை எடுத்து மீனைச் சுற்றப் போனார்.

"நில்லுங்க மாப்ள."

கலியம்மாள் தண்ணீர் ஓரத்தில் குனிந்து நின்றார். விரால் கிடந்த இடத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள். கடுகளவு வாயைத் திறந்து திறந்து, கூட்டமாகக் கரையை முட்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. பூச்சியைத் தின்ன வரவில்லை இந்த விரால், குஞ்சுப் பக்கம் வந்த பகையைக் கடிக்க வந்திருக்கிறது.

"புள்ளையோட நின்னத இழுத்துட்டீங்களே. பிரசவத்துக்கு நேந்த கடனுக்கு ஒரு தாயக் கொண்டுபோயி அறுப்பாங்களா?"

ஞானப்பிரகாசம் சாருக்கு வாயைக் கட்டத் தெரியாது. "அம்மா, விரால்ல ஆணும் குஞ்சு காக்கும். இது தகப்பனாவும் இருக்கலாம்."

"தகப்பனா இருந்தா இந்நேரம் ஓடிருக்கும்," என்றார் கலியம்மாள், சாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, மருமகன் கையிலிருந்து மீனை வாங்கினார். முள்ளைக் கழற்றினார். ஒரு நிமிடம் அதன் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள் வைத்துக் கையை விரித்தார். விரால் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே கிடந்தது. வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. சிவப்புக் கூட்டம் அதன் பின்னாலேயே போனது.

"குத்தம் வரும்னாரே பூசாரி," என்றார் கலைமணி மெல்ல.

"வந்தா எம்மேல வரட்டும். கருப்பனுக்கு நான் சொல்லிக்கிறேன். வைரக்கண்ணுக்கும் சேத்துச் சொல்லிக்கிறேன்."

சங்கம் அங்கேயே அவசரக் கூட்டம் போட்டது. குண்டானைத் திறந்து மணம் பிடித்த பிறகுதான் போட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடித்தவர்தான் விட வேண்டும் என்பது விதி. பிடித்தது கலைமணி, விட்டது கலியம்மாள். ஆகவே கணக்கில் சேராது, அடுத்த வருடமும் குஸ்கா கலைமணியுடையதே என்று ஒருமனதாகத் தீர்ப்பானது. கலைமணி கத்தினார், தொப்பியைத் தரையில் அடித்தார். யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கலியம்மாள் மட்டும் சாப்பிட வரவில்லை. கரையிலேயே நின்று, ஈரம் சொட்டுகிற கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கலைமணி ஒரு தட்டில் குஸ்கா வைத்துக்கொண்டு போனார்.

"சாப்புடுங்க அத்த."

"கையில வந்த சோத்த இந்த எழுவது வருசத்துல நான் வுட்டதே இல்லைங்க மாப்ள," என்றார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "வுட்டுப் பாத்தா நல்லாத்தான் இருக்கு."

தட்டை வாங்கிக் கல்மேல் வைத்துவிட்டு, தரையில் கிடந்த தூண்டிலை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார்.

"இன்னொண்ணு புடிங்க."

"சாமிக்கா, அத்த?"

"இல்லைங்க. வுடறதுக்கு."