எல்லாக் கேள்விக்கும் ஒன்று

ஸ்காட்லாந்தின் இந்த டண்டீ நகரத்தில் சூப்பர் மார்க்கெட்டை விட்டு வெளியே வரும் வழியில் ஒரு கம்பம் நிற்கிறது. அதில் நான்கு பொத்தான்கள், நான்கு முகங்கள். சிரிக்கிற பச்சையில் தொடங்கி உர்ரென்று இருக்கும் சிவப்பில் முடியும். உருளைக்கிழங்கு வாங்கியவன் தன் திருப்தியை அதில் அமுக்கிவிட்டுப் போக வேண்டும். பல் பிடுங்கினாலும் மார்க் கேட்டு மெசேஜ் வரும், குழாய் ரிப்பேர் செய்தாலும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டு வருஷமாக என்னிடம் மழையைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசியதில்லை. ஆனால் நான் திருப்தியாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ள இந்த ஊர்க் கம்பங்களுக்கு அப்படி ஓர் ஆசை.

என் பிழைப்பும் அதுவே என்பதால் எரிச்சல் கூடுதல். வயிற்றுப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அதன்பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்று பல நாடுகளில் அளந்து பார்க்கும் ஆய்வில் வேலை செய்கிறேன். அளவுகோல் ஒரு கேள்வித்தாள். விழுங்கச் சிரமமா, மற்றவர்கள் முன்னால் சாப்பிடக் கஷ்டமா, சாப்பாட்டை ரசிக்க முடியாமல் போகிறதா என்று கேள்விகள் போகும். இல்லவே இல்லை என்றால் ஒன்று, ரொம்ப என்றால் நான்கு. அதைத் தமிழில் ஆக்கியவன் நான். சுத்தமான மொழிபெயர்ப்பு என்று பாராட்டு வேறு வாங்கினேன்.

போன வருஷம் விடுமுறைக்கு வள்ளியூர் போனேன். அங்கே பம்புசெட் சாமான் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு ஐந்து மாதம் முன்புதான் அதே புற்றுநோய்க்காகத் திருநெல்வேலியில் இரைப்பையை முழுதாக எடுத்திருந்தார்கள். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆஸ்பத்திரியும் எங்கள் ஆய்வில் சேர்ந்திருந்ததால், நான் எழுதிய தாளே அவன் கைக்கும் வந்திருந்தது. மறுநாள் செக்கப்புக்குப் போகும்போது நிரப்பிக் கொடுக்க வேண்டும். கண்ணாடியைக் காணோம், நீயே வாசி என்றான். மதினி ஒரு கையில் ரசக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் வாசிக்க வாசிக்க, அண்ணன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒன்று போடச் சொன்னான். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்றான். மதினி முகம் மலர்ந்துவிட்டது. நானும் டிக் போட்டேன்.

மறுநாள் டாக்டர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்து, நல்லா இருக்கீங்க, மூன்று மாதம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது அவர் தாளைத்தானே நம்ப முடியும்?

அதற்கு இரண்டு நாள் கழித்து மத்தியானம் கடைக்குப் போனேன். அண்ணன் பின்வாசலில் குந்தி, மதினி கொடுத்துவிட்ட கேரியரைத் திறந்து, சோறு, கூட்டு, மோர் வரைக்கும் தெரு நாய்க்குக் கொட்டிக்கொண்டிருந்தான். நாய் நல்ல கொழுகொழுவென்று இருந்தது.

"அவ விடியுமுன்ன எந்திச்சு ஆக்கிப் போடுதா. ஒரு வாய் எறங்க மாட்டேங்குன்னு அவ மூஞ்சிக்கு நேரா எப்படிலே சொல்ல?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் கேரியரைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. கோபம் அவன் மேல் பாதிதான். ஆக்கிப் போட்டவள் எதிரே நிற்க, சாப்பாடு இறங்கவில்லை என்று எங்கள் வீட்டில் எந்த ஆணும் சொன்னதில்லை. சொன்னால் அது வியாதியைச் சொன்னதாகாது, அவளைச் சொன்னதாகிவிடும். கேள்வித்தாள் போட்ட வெள்ளைக்காரனுக்கு இது தெரியாது, சரி. அந்த வீட்டிலேயே தின்று வளர்ந்த எனக்குமா தெரியாது? மதினியைக் கொஞ்சம் உள்ளே போகச் சொல்லத் தோன்றாத என்னை எதால் அடிப்பது?

சொல்லாதே என்று அண்ணன் கெஞ்சினான். நான் நேரே வீட்டுக்குப் போய் மதினியிடம் சொல்லிவிட்டேன். தினமும் காலியாக வரும் கேரியரைப் பார்த்து, உடம்பு தேறிவிடும் என்று நம்பியிருந்தவள் அவள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இத்தனை கேள்வி கேட்டீங்களே தம்பி, ஆக்கிப் போடுதவகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு அந்தத் தாள்ல இல்லையா?"

மறுநாள் காலையிலேயே அண்ணனைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரிடம் நாய் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்ளே தைத்த இடம் சுருங்கி, தண்ணீர் இறங்கும் அளவுக்குத்தான் வழி இருந்ததாம். விரித்துவிட்டார்கள். என் சுத்தமான மொழிபெயர்ப்பை நம்பி மூன்று மாதம் இருந்திருந்தால் அண்ணன் பட்டினியில் போய்ச் சேர்ந்திருப்பான்.

டண்டீ திரும்பியதும் மீட்டிங். திரையில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள். தமிழ் நோயாளிகள் மற்ற எல்லோரையும்விட நன்றாக இருக்கிறார்கள் என்று எங்கள் தலைவி ஃபியோனா காட்டினாள். குடும்பப் பாசம், ரெசிலியன்ஸ், எதையும் தாங்கி மீளும் திடம் என்றாள். அந்தக் கட்டத்தில் ஒருவன் என் அண்ணன் என்று சொல்லி, மதினி நின்ற இடத்தையும் அவன் அவளைப் பார்த்ததையும் விளக்கினேன். ஃபியோனா சிரித்துவிட்டு, எங்கள் வீட்டிலும் அம்மா சமையலை யாரும் குறை சொல்ல மாட்டோம் என்றாள். அந்தப் பதிலையாவது நீக்குங்கள் என்றேன். நோயாளி சொன்னதுதான் உண்மை, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்றாள். உங்கள் உண்மையை எங்கள் தெரு நாய் தின்று கொழுத்தது என்று கத்தினேன். சாயங்காலம் என் மனநலத்தை விசாரித்து ஒரு மெயில் வந்தது. அடியில் அதே நான்கு முகங்கள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது முதலில் மதினியிடம்தான் கேட்கிறேன். காலையில் நாலு கரண்டி கஞ்சி, பதினோரு மணிக்கு அரை இட்லி, அதிலும் பாதி வெளிய வந்துட்டு என்று கணக்காகச் சொல்கிறாள். அண்ணன் பக்கத்தில் நின்று முனகுவது கேட்கும். போன ஞாயிறு அவளிடமிருந்து போனை வாங்கி, "நீ சாப்பிட்டியாலே? அங்கன ஒனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லைல்லா?" என்றான்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றபடியே காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் எட்டு வருஷமாக என் எதிரே உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லை.

"ஒண்ணும் இல்லண்ணே. நல்லா இருக்கேன்."

"எல்லாத்துக்கும் ஒண்ணாலே?" என்றான்.

போனை என் கையிலிருந்து வாங்கி உண்மையைச் சொல்ல, இந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.