லாரிக்கு முன்னால் இருந்த சாலை

பிறை என்ற தொழில் நகரில் ஒரு சிறிய நிறுவனத்தில் அப்போது எனக்குச் சோதனைப் பொறியாளர் வேலை. முன்னால் போகும் லாரியின் முன்கண்ணாடிக்குள் ஒரு கேமரா. அது பார்க்கும் சாலை பின்னால் வரும் எங்கள் காரின் திரையில் தெரியும். இடையில் தொலைபேசிக் கோபுரம் எதுவும் கிடையாது. இரண்டு வண்டிகளிலும் இருந்த பெட்டிகள் நேராகவே பேசிக்கொள்ளும். லாரி மறைத்தாலும், எதிரே வண்டி வருகிறதா என்று திரையில் பார்த்து முந்தலாம். அதுதான் திட்டம்.

காரை ஓட்டியவர் சூலியா தெருக்காரர், முன்பு டாக்சி ஓட்டியவர். பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு நான்.

அன்று மதியம் கனத்த மழை. இருவழிச் சாலையில் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. திரையில் வெறும் சாலை.

“காலியாத்தான் இருக்கு. எடுக்கிறேன் தங்கச்சி” என்று சொல்லிக்கொண்டே அவர் காரை வலப்பக்கம் திருப்பினார்.

திரையில் ஏதோ உறுத்தியது. எங்கள் வைப்பர் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, திரையில் லாரியின் வைப்பர் மட்டும் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றது.

“அண்ணே, படம் நின்னுடுச்சு! உள்ள போங்க, உள்ள!”

பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். எதிரே ஒரு கொள்கலன் லாரி அலறிக்கொண்டு கடந்தது. அது வாரியிறைத்த தண்ணீர் முன்கண்ணாடி முழுக்க அடித்ததில் கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. ஓரம்கட்டிப் பார்த்தபோது, அவர் பக்கம் வெளியே இருந்த, பின்னால் பார்க்கும் கண்ணாடி பெயர்ந்து போயிருந்தது.

“ரோடு காலியாத்தானே இருந்துச்சு? என் கண்ணால பார்த்தேன்லா.” அவர் திரையைக் காட்டினார்.

“நீங்க பார்த்தது பழைய படம்ண்ணே. அப்ப காலியா இருந்துச்சு.”

அலுவலகத்தில் மேலாளரிடம், படம் தாமதித்தால் திரை உடனே கறுத்துவிட வேண்டும் என்றேன்.

“அடுத்த வாரம் கஸ்டமர் வர்றாங்க. திரை கறுப்பா இருந்தா சாமான் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்கலா.”

“அப்ப அந்த சீட்டுல நீங்க வந்து உட்காருங்க, பாஸ்.”

அவர் ஜன்னல் வழியே கண்ணாடி பெயர்ந்த காரைப் பார்த்தார். பிறகு, “சரி, மாத்து” என்றார்.

வாடிக்கையாளர் வந்த அன்று திரை இரண்டு முறை கறுத்தது. பின்னிருக்கையிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, கெட்டுவிட்டதா என்று மலாயில் கேட்டார்.

“இல்லை. முன்னால் என்ன இருக்கிறதென்று இப்போது இதற்குத் தெரியவில்லை” என்றேன்.

அண்ணன் முந்தாமல் லாரிக்குப் பின்னாலேயே போனார். ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. மேலாளர் பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மாற்றத்தை நீக்கும்படி ஒருபோதும் சொல்லவில்லை.