சாராய இன்ஸ்பெக்டரின் மோட்டார் சைக்கிளில் அம்மைப்பால்

1. ஆளில்லாத குறிச்சி

நான் வாங்கிய மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக உத்தியோகம் பார்க்கப் போன இடத்தில் ஆட்களே இல்லை. அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. உரலுக்குள் பாதி இடித்த மா கிடந்தது. ஒரு வீட்டில் ஏணை ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் குழந்தை இல்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. சுகாதாரக் கந்தோரில் அம்மைப்பால் குத்துகிற உத்தியோகத்தனாக இருந்தேன். பெரியம்மை வராமல் ஆட்களின் மேற்கையில் லான்செற்றால் கீறி மருந்து வைப்பதுதான் வேலை. ஆளில்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்பதை இளைய தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் குறிச்சி வல்வெட்டித்துறைக்கு அப்பால் கடற்கரையோரம் இருந்தது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இப்போது அங்கே பட்டதாரிகள் இருக்கிறார்கள், கோபிப்பார்கள். அக்கரையான இந்தியாவிலிருந்து வந்த தோணி ஒன்றில் பெரியம்மையும் சேர்ந்து இறங்கியிருந்தது. ஒரு வீட்டு வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு சிறுவன் படுத்திருப்பதாகத் தகவல். நான் தட்டினேன், கதவு திறக்கவில்லை. அந்தக் குறிச்சியில் மற்றப் பிள்ளைகள் ஒருவருக்கும் அதுவரை அம்மைப்பால் குத்தியதில்லை.

கடைசியில் ஒரே ஒருவரைக் கண்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவர். காது சுத்தமாகக் கேளாது. எல்லாரும் எங்கே என்று கையால் கேட்டேன். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"உந்தப் பொட்டுக்குள்ளாலை ஓடிட்டினம், தம்பி. அடிக்கடி ஓடுறவை. ஏனெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லுறேல்லை!"

குறிச்சியின் பின்பக்கம் நீளத்துக்குக் கிடுகு வேலி. அதில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய பொட்டு ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பெரிய பனங்கூடல். ஒரு தலை தெரியவில்லை. நான் யார், எதற்கு வந்தேன் என்று பனைகளுக்குச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, கிழவருக்கு மட்டும் அம்மைப்பால் குத்திவிட்டுத் திரும்பினேன்.

கந்தோரில் என் மேலதிகாரியான டொக்டர் ஐயா என் அறிக்கையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன ஐசே, முழுக் குறிச்சியிலையும் ஒரு ஆளோ?"

"ஓம் சேர்."

"நீர் மோட்டார் சைக்கிள் வாங்கினது கெதியாப் போகவோ, கெதியாத் திரும்பி வரவோ?"

2. சங்கீத வாத்தியாரின் வாகனம்

ஏன் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். அம்மைப்பால் மருந்தை நாங்கள் லிம்ப் என்போம். கண்ணாடிக் குழாயில் கொழும்பிலிருந்து ரயிலில் வரும். வெயில் பட்டால் செத்துவிடும். நனைத்த துணி சுற்றிய மண்குடுவைக்குள் அதை வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வடகரை வரை மிதிசைக்கிளில் போய்ச் சேரும்போது நானும் அரை உயிர், மருந்தும் அரை உயிர். செத்த மருந்தைக் குத்திவிட்டு வந்தால் ஊரார் காப்பாற்றப்பட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது குத்தாமல் விடுவதைவிட மோசம்.

தம்பிமுத்து யாழ்ப்பாணம் சந்தைக்குப் பக்கத்தில் பழைய மோட்டார் சாமான் விற்கிறவர். பேச்சு வந்துவிட்டால் பெற்றோல் இல்லாமலே ஓடுவார். அவரிடம் இந்த மோட்டார் சைக்கிள் நின்றது. பெற்றோல் தாங்கியின் இரண்டு பக்கமும் நெளிந்திருந்தது. முன் சக்கரத்து மட்காட்டில் கத்தியால் கொத்தின மாதிரி வெட்டுகள். ஒரு காலத்தில் சைட்கார் பூட்டி ஓடிய அடையாளமாக இடப்பக்கத்தில் போல்ற் ஓட்டைகள். கையை விட்டால் வண்டி தானாகவே இடப்பக்கம் இழுத்தது.

"ஆர் ஓடினது?" என்று கேட்டேன்.

"ஒரு சங்கீத வாத்தியார். தங்கமான மனிசன். கச்சேரிக்கு மட்டுந்தான் எடுக்கிறவர்."

"தாங்கி ஏன் நெளிஞ்சிருக்கு?"

"சைட்காருக்குள்ளை மிருதங்கம் வைக்கிறவர். அது உரசி உரசி."

"மற்றப் பக்கமும் நெளிஞ்சிருக்கே?"

தம்பிமுத்து கொஞ்சமும் யோசிக்கவில்லை. "திரும்பி வரேக்கை மற்றப் பக்கம் உரசும்தானே!"

"மட்காட்டிலை வெட்டு?"

"அதெல்லாம் ஏன் கேக்கிறியள்? எஞ்சினைக் கேளுங்கோ."

மிதித்து ஸ்டாட் பண்ணினார். சைலன்சர் பாதிதான் இருந்தது. சந்தையில் நின்ற மாடுகள் திரும்பிப் பார்த்தன. மீன் கூடையோடு நின்ற ஒருவர் கூடையை விட்டுவிட்டு மறைந்து போனார். நான் அதையும் கண்டேன். எஞ்சின் நல்ல சுகமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வாங்கிவிட்டேன். வாங்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பார்க்கப் போகிறவனின் கண்ணுக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் விளங்காது.

3. வாழைக்குலை

விளக்கியவர் நீர்வேலியில் ஒரு தோட்டக்காரர். அந்தப் பக்கம் போனபோது தோட்டங்களில் நின்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாழைகளுக்குள் மறைந்தார்கள். இவர் மட்டும் ஓடவில்லை. சால்வையை அரையில் கட்டிக்கொண்டு ஒரு கதலிக்குலையோடு என்னை நோக்கி வந்தார்.

"ஐயா, இந்த முறை எங்களிட்டை ஒண்டும் இல்லை. இதைக் கொண்டுபோங்கோ."

"எனக்கு ஏன் குலை?"

"புது இன்ஸ்பெக்டர் ஐயாவோ? பழைய ஐயாவுக்கும் குடுக்கிறதுதான். அவர் வாங்கமாட்டார், உதைப்பார். ஆனால் குடுக்கிறது எங்கடை முறை."

அப்போதுதான் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. என் வாகனத்தை வருஷக்கணக்காக ஓடியவர் சாராய இன்ஸ்பெக்டர். கள்ளச்சாராயம் வடிக்கிறவர்களைப் பிடிப்பதில் மகா கெட்டிக்காரர். சைட்காருக்குள் மிருதங்கம் போனதேயில்லை. ஒரு நாள் பானை போகும், ஒரு நாள் பானைக்காரன் போவான். தாங்கியின் நெளிவுகள் கல்லெறி பட்டவை. மட்காட்டு வெட்டு, கள்ளுச் சீவுகிற ஒருவரின் பாளைக் கத்தி செய்த வேலை.

"உந்தச் சத்தம் எங்கடை மாட்டுக்கும் தெரியும், ஐயா," என்றார் தோட்டக்காரர்.

நான் சாராயக் கந்தோர் ஆளில்லை, அம்மைப்பால் குத்துகிறவன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குலையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பினார். அம்மைப்பால் உத்தியோகத்துக்கு ஊரில் இருந்த மதிப்பு எனக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

4. மூன்று படலைகள்

மோட்டார் சைக்கிளைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். ஆனால் முதல் நாள் பனங்கூடலுக்குள் இருந்தவர்கள் என்னைக் காணாமல் விடவில்லை. என் தலையைக் கண்டதும் பொட்டுக்குள்ளால் ஓடினார்கள். ஊர்த் தலைமைக்காரரான விதானையாரை அனுப்பிச் சொல்லுவித்தேன். பழைய இன்ஸ்பெக்டர் ஒரு முறை விதானையாரோடும், ஒரு முறை உப்பு வியாபாரி வேஷத்திலும் வந்து பிடித்தவராம். இந்த முறை மருந்துக்காரன் வேஷம் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு வேப்பிலை கட்டிய படலைகள் மூன்றாகியிருந்தன. முதல் வீட்டுச் சிறுவன் இறந்துபோயிருந்தான். அவன் விளையாடிய சின்ன மரத்தோணி ஒன்று படலைக்கு வெளியே மணலில் கிடந்தது. எனக்கு வந்தது துக்கமில்லை, ஆத்திரம். அந்தச் சனத்தின்மேல் ஆத்திரம், இன்ஸ்பெக்டரின்மேல் ஆத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாதிச் சைலன்சரின்மேல் ஆத்திரம். மருந்து என் கையில் இருந்தது, பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

டொக்டர் ஐயா சொன்னார்: "இன்னும் ரெண்டு நாள் பாப்பன். பேந்து பொலிசோடைதான் போகவேணும்."

பொலிசோடு போனால் தோணி ஏறி ஓடுவார்கள். அம்மையும் கூடவே தோணி ஏறும். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரைச்சலை முடிக்கலாம் என்று தம்பிமுத்துவிடம் போனேன்.

"வித்தது வித்ததுதான், தம்பி. உதிலை எஞ்சின் பிழையே? செயின் பிழையே? சனம் ஓடினால் நான் என்ன செய்யிறது? ஓடுற சனம் எங்கையாவது போய் நிக்கும்தானே, அங்கை போய்ப் பிடியுங்கோவன்!"

என்னைத் துரத்துவதற்காகச் சொன்னதுதான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான வார்த்தை அது. எனக்கு அந்த வேலிப் பொட்டு ஞாபகம் வந்தது.

"சைக்கிள் என்னட்டை நிக்கட்டும். ஒரு காலமை மட்டும் நீர் அதை ஓடவேணும்," என்றேன்.

5. பொட்டுக்கு அந்தப் பக்கம்

விடியற்காலைக் குளிரில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனோம். சத்தம் கேட்காத தூரத்தில் நான் இறங்கி, கடற்கரையால் சுற்றி நடந்து, பனங்கூடலுக்குள் புகுந்தேன். பொட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பனங்குற்றியைப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி லான்செற்றுகளைச் சூடு காட்டி, லிம்ப் குழாய்களை மடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கிளம்பியது. என் வாழ்க்கையில் அந்தச் சைலன்சரை நான் வாழ்த்தியது அன்றைக்குத்தான். குறிச்சிக்குள் கதவுகள் அடிபட்டன, நாய்கள் குரைத்தன, மணலில் கால்கள் ஓடி வந்தன.

பொட்டுக்குள்ளால் முதலில் வந்தவர் அன்னம்மா. குறிச்சியில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்பது பிறகுதான் தெரியும். ஒரு இடுப்பில் குழந்தை, மறு இடுப்பில் வாய் கட்டிய பானை. குனிந்தபடி வந்தவர் நிமிர்ந்ததும் என் முகத்தில் விழித்தார். இரண்டு கையும் வெறுமையில்லை. பின்னால் ஆட்கள் தள்ளினார்கள்.

"அக்கா, நான் சாராயம் பிடிக்க வரேல்லை. அம்மைப்பால் குத்த வந்தனான். பிள்ளையின்ரை கையைத் தாங்கோ."

அவர் லான்செற்றைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "அம்மாள் கோவிப்பா எல்லோ?" என்றார் மெல்லிய குரலில்.

"மூண்டு படலையிலை வேப்பிலை தொங்குது. நாலாவது உங்கடை படலையாய் இருக்கவேணுமோ?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். "போவன் அன்னம்மாக்கா! சைக்கிள் கிட்ட வந்திட்டுது!"

அன்னம்மா பானையைக் கீழே வைத்தார். குழந்தையின் கையை என் பக்கம் நீட்டினார்.

"குத்திறதெண்டால் கெதியாக் குத்து, தம்பி. பின்னாலை இன்ஸ்பெக்டர் வாறான்."

குழந்தையின் கை என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. கீறி மருந்தை வைத்தேன். குழந்தை வீரிட்டது. அந்த அழுகை எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என்னைத் தவறாக நினைப்பீர்கள்.

அதன்பிறகு அன்னம்மாவே பொட்டருகில் நின்று ஒவ்வொருவராக இந்தப் பக்கம் இழுத்து என் முன்னால் நிறுத்தினார். பிள்ளைகள், தாய்மார், மீசைக்காரர்கள் எல்லாரும் மேற்கையைக் காட்டிவிட்டு ஓடினார்கள். பல பேர் கையில் பானை இருந்தது, ஒருவர் தோளில் செப்புக் குழாய் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் உத்தியோகம் மேற்கையோடு முடிந்தது. குறிச்சியின் குறுகிய ஒழுங்கையில் தம்பிமுத்து பெற்றோல் முடியும்வரை சுற்றினார். பிறகு வலைக்காரக் கிழவரின் வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

வேப்பிலை கட்டிய மூன்று வீடுகளுக்கும் அன்றே அன்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கதவுகள் திறந்தன. அங்கிருந்த மற்றவர்களுக்கும் குத்தினேன். நாலாவது படலையில் வேப்பிலை ஏறவில்லை.

6. பழைய சொந்தக்காரர்

ஒரு கிழமை கழித்து, மருந்து பிடித்ததா என்று பார்க்க அதே வண்டியில் போனேன். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பொட்டை நோக்கி ஓடினார்கள். பெரியவர்கள் ஓடவில்லை. தாய்மார் பின்னால் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து, பொட்டிலிருந்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். ஒவ்வொரு மேற்கையிலும் மருந்து பிடித்திருந்தது.

இந்தக் கதை சாராய இன்ஸ்பெக்டரின் காதுக்கும் எட்டியது. அவர் இப்போது சத்தமில்லாத புது மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். ஒரு நாள் கந்தோருக்கு வந்தார்.

"உம்மடை சைக்கிளுக்கு இப்ப ஒருத்தரும் ஓடுறேல்லையாம். என்ரை புதுசைச் சனம் அறிஞ்சு போச்சுது. நீர் குடுத்த விலையிலும் கூடத் தாறன், பழைசைத் திருப்பித் தாரும்."

அந்த வண்டி என் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது. கிளச் தேய்ந்து, ரயரும் போயிருந்தது. புத்தியுள்ள எவனும் அந்த இடத்திலேயே சாவியைக் கொடுத்திருப்பான். அவர் கேட்டது வண்டியை இல்லை என்று எனக்கு விளங்கியது. அந்தத் தாய்மார் ஓடாமல் நிற்பதைத்தான் விலை பேசினார். ஒரே ஒரு முறை அவர் அதில் போய்ப் பானை பிடித்தால், அடுத்த அம்மைக்கு அன்னம்மா பிள்ளையின் கையை யாரிடமும் நீட்டமாட்டார்.

"விக்கிறேல்லை, ஐயா," என்றேன்.

"உது ஒரு ஓட்டை வண்டி, தெரியுமோ?"

"தெரியும். ஓட்டையாக்கினது நீங்கள்தானே."

அவர் போன பிறகு டொக்டர் ஐயா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அடுத்த மாதம் என் பயணப்படி கேள்வி இல்லாமல் வந்தது.

பழைய வண்டி வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ரயரையும் செயினையும் பிறகு பாருங்கள். முதலில் அதை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் ஆட்களின் முகத்தைப் பாருங்கள். வாங்கியபின் அந்த முகங்களும் உங்களுடையவைதான்.

நான் அந்த வண்டியை விற்கவேயில்லை. தம்பிமுத்து மட்டும் ஒரு முறை ஆசையோடு வந்து கேட்டார். ஏற்கெனவே ஒரு ஆளுக்குச் சொல்லியும் விட்டாராம்.

"ஆர் ஓடினதெண்டு சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"உண்மையைத்தான் சொன்னனான்: அம்மைப்பால் குத்திற ஐயா ஒருத்தர் எண்டு. மனிசன் நம்பேல்லை. வண்டியைச் சுத்திப் பாத்திட்டு, உது சாராய இன்ஸ்பெக்டரின்ரை எண்டிட்டுப் போயிட்டான்."