அண்ணிக்காக நான் சொன்ன ‘சரி’

பார்மசி மாணவர்களுக்கு நான் எடுப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தடுப்பூசி வேண்டாம் என்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்ற வகுப்புதான். போர்டு, மார்க்கர் எதுவும் கிடையாது. வேண்டாம் என்கிற அம்மாவாக நானே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். ஒவ்வொருவராக வந்து என்னைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

வசனத்துக்குப் பஞ்சமே இல்லை, வீட்டில் அண்ணி இருக்கிறாள். மூத்த பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, ஊசி போட்ட அன்றைக்கே காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் மேலே செருகிக்கொண்டது. அவள் இப்போது யுகேஜி, தெருவையே ரெண்டாக்குகிறாள். ஆனாலும் அடுத்துப் பிறந்த பையனுக்கு ஒரு ஊசிகூடப் போட விடவில்லை அண்ணி. அவனுக்கு ஒன்பது மாதம் தாண்டிவிட்டது. பக்கத்துத் தெருவில் தட்டம்மை.

“பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது” என்று ஆரம்பித்தான் ஒருவன்.

“உனுக்கு எப்டிப்பா தெரியும்? நீ கூட இருந்தியா?”

“மேடம், ஓவரா நடிக்கிறீங்க!” கடைசி பெஞ்சில் சிரிப்பு.

அடுத்து வந்த மாணவி, “அன்னிக்கு என்னம்மா ஆச்சு?” என்று மட்டும் கேட்டாள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். காய்ச்சல் வலிப்பு பார்க்கத்தான் பயங்கரம், பெரும்பாலும் கெடுதல் எதையும் விட்டுப்போகாது, டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டே போடலாம், நானும் கூட வருகிறேன் என்றாள். “சரிம்மா, போட்டுக்கறேன்” என்றேன். கிளாஸே கைதட்டியது.

அதே வேகத்தில் வீட்டுக்கு ஓடினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. கரையைத் தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை, ஒருவரால் ஆகாது. அண்ணன் நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாவை அண்ணி தள்ளுவாள். எழுந்து போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன். அந்தப் பெண் கேட்ட மாதிரியே கேட்டேன், அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

“இன்னாமா, நல்லா பேசக் கத்துக்கினு வந்துட்ட?”

பெருமையில் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணியின் கை நின்றது. தறியும் நின்றது.

“என்னாட்டம் உக்காந்து, நீயே சரின்னுட்டியா?”

“அண்ணி, அது வந்து…”

“கொழந்த கண்ணு செருகுனப்ப நீ ஹாஸ்டல்ல இருந்த. எம்மடியிலதான் இருந்தா. எனுக்கு பதிலா சரின்றதுக்கு நீ யாரு?”

அண்ணன் நிமிரவே இல்லை. அவள் நாடாவைத் தள்ளினாள். தறி மறுபடி ஓடியது. அதன்பிறகு ஊசி என்று வாயெடுத்தாலே, “போய் உன் கிளாஸ்ல சொல்லு” என்கிறாள்.

புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள அங்கன்வாடிக்கு ஊசி போட நர்ஸ் வந்தார். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். அண்ணியின் பையன் தூளியில் தூங்கினான். நர்ஸ் பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

மறுநாள் வகுப்பில் இன்னொருத்தி என் எதிரில் உட்கார்ந்தாள். நன்றாகக் கேட்டாள், நன்றாகச் சொன்னாள். எல்லோரும் என் ‘சரி’க்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

“மேடம், எதாவது தப்பா சொல்லிட்டேனா?”

“இல்லம்மா. தப்பே இல்ல.”

“அப்புறம் ஏன் மேடம்?”

“அந்தச் ‘சரி’யைச் சொல்ல நான் யாரும்மா?” என்றேன்.